இரண்டாம் பாகம் வேண்டுவோர் கவனத்திற்கு

எரிச்சல் என்று எழுதியதுதான் வினையாகப் போயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். நெகிழ்ச்சி என்று எழுதியிருந்தால் அன்றைக்கே இரண்டாம் பாகம் கைக்கு வந்திருக்கும். அக்கா அன்று மத்தியானமே கதை கேட்டிருப்பாள். நகர மைய நூலகத்தின் இயக்குநரும் பதவிக்காலம் முடிய ஒரு நாவலைக்கூடத் திறக்காமல் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மோட்டாரில் சத்தம் வந்தால் சத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற பிழைப்பு அவனுடையது.

அவன் நாவல் படிக்கிற ஆளும் அல்ல. படிக்கிறவள் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. இருபத்தாறு வருஷமாகக் கழுத்தில் விசிலோடு வெயிலில் நின்றவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே விசில்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. டாக்டர் அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து வீட்டுக்கு அனுப்பினார். குமிழி மேலே மிதந்து விழித்திரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதினான்கு நாள் அவள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு குனிந்தபடி, தூக்கம் குப்புற.

"தலையைத் தூக்கினீங்கன்னா குமிழி நகர்ந்துடும். அப்புறம் அந்தக் கண்ணு போனது போனதுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆயிரம் பிள்ளைகளை அசையாமல் நிற்க வைத்தவளுக்குத் தான் அசையாமல் இருக்கத் தெரியவில்லை. முதல் நாள் கட்டிலுக்கு வெளியே முகத்தை நீட்டிப் படுத்துத் தரை ஓடுகளை எண்ணினாள். கண்ணுக்கு எட்டியது முப்பத்திரண்டு. இரண்டாம் நாள் தலையை மூன்று தடவை தூக்கினாள். ஒரு தடவை காக்கையைப் பார்க்க, ஒரு தடவை காலண்டரைப் பார்க்க, ஒரு தடவை சும்மா. தம்பி என்ன செய்வதென்று தெரியாமல், அலமாரியில் அவள் நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த மூன்று நாவல்களில் ஒன்றை உருவி, கட்டிலின் அடியில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். அக்கா கல்லாகிப் போனாள். இரண்டு மணி நேரம் தலை அசையவில்லை. கண்ணைக் காப்பாற்ற மருந்து கிடைத்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

முதல் நாவலில் ஒரு பெரிய வீடு, ஒரு விதவை, ஒரு நாய்.

"ஏங்க்கா, நூறு பக்கமாச்சு, இந்த நாய்க்கு யாருமே சோறு போடலையே?"

"கதை அந்த அம்மாவைப் பத்திடா. நீ மேல படி."

"அதுக்காக வாயில்லாத ஜீவனை அப்படியே விட்டுடறதா?"

இரண்டாவது நாவலில் கதாநாயகன் லிஃப்டில் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டு வாழ்க்கையின் பொருளை உணர்ந்துகொண்டிருந்தான். எந்த மாடல் லிஃப்ட் என்று கடைசி வரைக்கும் எழுதவே இல்லை. அலாரம் பட்டனையும் அவன் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. மெக்கானிக்குக்கு அந்த ஆளின் மேல் துளி மரியாதை வரவில்லை.

மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையை விட்டுவிட்டு ரயிலேறிப் போன ஒருத்தி, பதினேழு வருஷம் கழித்து, குடை இருந்தும் மழையில் நனைந்து, அதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். 'கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள்' என்று முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி. அதன் கீழே 'முதல் பாகம் முற்றும்.'

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்க்கா. கையைத் தூக்கினதோட நிக்குது."

"ரெண்டாம் பாகத்தை நாளைக்கே வாங்கிட்டு வந்துடு. அவ தட்டினாளா இல்லையான்னு தெரியாம என்னால குப்புறக் கிடக்க முடியாது."

அன்று ஐந்தாம் நாள். கட்டில் காலில் கட்டியிருந்த விசிலை இரண்டு தடவை ஊதினாள். ஒரு ஊதல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் உத்தரவு.

மறுநாள் காலையில் மூன்று புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக் நூலகத்துக்குப் போனான். வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'படித்தால் போதாது, உணர வேண்டும். உணர்ந்தால் போதாது, ஒப்படைக்க வேண்டும். வாசக எதிர்வினைத் துறை.' துறை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கவுண்டரில் கட்டைவிரலுக்கு ரப்பர் உறை மாட்டிய எழுத்தர் அம்மா, புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று படிவங்களை நீட்டினார்.

"புத்தகத்தைத் திருப்பித் தந்தா மட்டும் போதாதுங்க. எதிர்வினையையும் ஒப்படைக்கணும். அது ஏத்துக்கப்பட்டாத்தான் அடுத்த புத்தகம்."

படிவத்தில் அனுமதிக்கப்பட்ட உணர்ச்சிகள் ஏழு அச்சாகியிருந்தன: நெகிழ்ச்சி, வியப்பு, சமூக அக்கறை, ஆழ்ந்த சிந்தனை, மன அமைதி, பெருமிதம், மிதமான சோகம். மெக்கானிக் பட்டியலைப் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினான். முதல் நாவலுக்கு 'நாய் சாப்பிட்டதா என்று தெரியவில்லை' என்று எழுதியதை எழுத்தர் அம்மா சமூக அக்கறையில் சேர்த்துக்கொண்டார். இரண்டாவதுக்கு 'நம்ப முடியவில்லை' என்று எழுதியது வியப்பில் போயிற்று. மூன்றாவது படிவத்தில் ரப்பர் விரல் நின்றது.

"எரிச்சல்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். எரிச்சலாத்தான் இருந்தது. கதவுகிட்ட கொண்டுவந்து நிறுத்திட்டு முற்றும்னு போட்டா?"

"இந்த நாவலுக்கு ஏத்துக்கப்பட்ட எதிர்வினை நெகிழ்ச்சிங்க. போன ஒரே மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பேர் நெகிழ்ந்திருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் எரிஞ்சிருக்கீங்க."

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். "இதுல எத்தனை பிரதி மேடம் இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அது நாப்பது நாளா எங்க வீட்டு அலமாரியில இல்ல இருந்தது?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அவங்க மத்த ஆபீஸ்கள்லேர்ந்து சுற்றறிக்கை மூலமா நெகிழ்ந்தவங்க."

அந்த நேரம் பக்கத்திலிருந்த லிஃப்ட் கரகரவென்று இறங்கி நின்றது. மெக்கானிக்கின் காது தானாகத் திரும்பியது. "மேடம், உங்க லிஃப்ட் கதவு ரோலர் தேஞ்சு போச்சு. நாலு நாள் தாங்காது, நடுவுல நின்னுடும்."

"லிஃப்டைப் பத்தின எதிர்வினையெல்லாம் இங்க வாங்கறதில்லைங்க" என்றார் எழுத்தர் அம்மா. படிவத்தின் மேல் 'முரண்' என்று முத்திரை குத்தி, மறுநாள், அதாவது ஏழாம் நாள் காலை ஆய்வாளரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார். இரண்டாம் பாகம், எதிர்வினை நிலுவையில் உள்ள நூல் என்ற வகையில், இயக்குநரின் இரும்பு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்வினை ஆய்வாளர் முன்பு குடிநீர்த் துறையில் மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர். தண்ணீர் விஷயத்தில் அனுபவம் இருக்கிறது என்று கண்ணீர்ப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டார்ச், சின்ன அளவுக் குழாய் ஒன்று. முதல் பாகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல தொண்டை அடைச்சுதா?"

"இல்ல சார். கோபம் வந்தது."

"கோபமா? தாய் குழந்தையைப் பிரியற இடம்யா அது!"

"அதான் சார். குழந்தை உள்ள தூங்குது. இந்தம்மா அடுப்பை அணைக்காம ரயிலுக்குப் போறாங்க."

"அடுப்பைப் பத்தி எங்க எழுதியிருக்கு?"

"பத்தவெச்சாங்கன்னு இருநூத்தி ஒம்பதுல இருக்கு சார். அணைச்சாங்கன்னு எங்கயும் இல்ல. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்."

ஆய்வாளர் அந்த நாலு பக்கங்களையும் மெல்லப் படித்தார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் முகத்தில் ஒரு விநாடி கவலை வந்து போயிற்று. பிறகு கோப்பில் எழுதினார்: 'ஆதாரமற்ற கவலை. மேற்பார்வையில் மறுவாசிப்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.'

எட்டாம் நாள் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மெக்கானிக் ஒரு கண்ணாடி அறைக்குள் அதே நாவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே ஆய்வாளர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர். ஒரு மரணக் காட்சியில் சிரித்துவிட்டதற்காக மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கிறாராம்.

"இப்பவும் சிரிப்பு வருதா சார்?"

"முன்னெல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. இப்ப இந்த ரூமுக்குள்ள வந்தாலே வருது" என்றார் பெரியவர்.

புத்தகத்தின் தூசு மூக்கில் ஏறி மெக்கானிக் தும்மினான். கண்ணில் நீர் முட்டியது. கதவைத் தள்ளிக்கொண்டு ஆய்வாளர் குழாயோடு ஓடி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். 'இடது கண், ஒரு சொட்டு. காரணம் தூசு. கணக்கில் சேராது' என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போனார்.

மெக்கானிக்கால் இருக்கையில் இருக்க முடியவில்லை. காலுக்கடியில் நெருப்பு இருக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். அவள் முகத்துக்கு நேர் கீழே தரையில் செல்போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வந்திருந்தான். கண்ணாடி அறையில் போன் கூடாது என்று அவன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். ஒரு மணிக்குத் திரும்ப வாங்கிப் பார்த்தால் பதினோரு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் ஓடினான்.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா! தலையைக் கீழ போடு!"

பிறந்ததிலிருந்து அவளிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை. அவளும் திடுக்கிட்டுக் குனிந்துவிட்டாள். அவன் டாக்டருக்குப் போன் போட்டான். எவ்வளவு நேரம் என்று கேட்டார் டாக்டர். தெரியாது என்றான். இன்னொரு தடவை ஆனால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"நான் என்ன மூட்டையாடா, போட்ட இடத்துல கிடக்க?" தரையைப் பார்த்தபடி அக்கா சொன்னாள். "மூணு நாளா அவ கையைத் தூக்கிட்டு மழையில நிக்கறா. எனக்குத்தான் தோள் வலிக்குது. தட்டினாளா இல்லையா?"

அவன் தரையில் உட்கார்ந்தான். "தட்டினாக்கா. பொண்ணு கதவைத் தொறந்தா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"யாரு, நீ எழுதினதா?"

"ஆமா."

"நல்லாவே இல்ல. அந்த எழுத்தாளர் அவ்வளவு சுலபமா விடற ஆளு இல்ல."

ஒன்பதாம் நாள் மெக்கானிக் தோல்வியை ஒப்புக்கொள்வதென்று முடிவு செய்தான். கவுண்டருக்குப் போய், "மேடம், நான் நெகிழ்ந்துட்டேன். எழுதிக்குங்க" என்றான்.

எழுத்தர் அம்மா அவனைப் பாவமாகப் பார்த்தார். "இப்ப முடியாதுங்க. மாத்தி எழுதினா அது மனமாற்றம். இயக்குநர் முன்னாடி விசாரணை நடக்கணும். நாளைக்குப் பத்தரைக்கு, நாலாவது மாடி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தூணுக்குப் பின்னாடி பாருங்க. எந்தப் புத்தகத்துக்கு எந்த உணர்ச்சின்னு தாள்ல எழுதி ஒட்டியிருக்கு. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எழுதறாங்க. நீங்க ஏன் சார் படிச்சுட்டு எழுதினீங்க?"

பத்தாம் நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் வந்ததால் தோளில் கருவிப் பையோடு நாலாவது மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். படியேறித்தான் வந்தான், அந்த லிஃப்டில் அவன் ஏறுவானா? பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சுவருக்குள் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். பிறகு நிசப்தம். பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு கூப்பாடு.

மெக்கானிக் சாவியைப் போட்டு நாலாவது மாடிக் கதவைத் திறந்தான். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றிருந்தது. மேலே ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே, விளக்கு வெளிச்சத்தில், இயக்குநரின் வழுக்கையும் மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன. ஒரு கையில் கோப்பு. மறு கையில் இரண்டாம் பாகம்.

"யாரும் கையைக் காலை விடாதீங்க. நீங்களும் ஏற முயற்சி பண்ணாதீங்க சார்" என்றான் மெக்கானிக். "பயப்பட ஒண்ணுமில்ல. கதவு ரோலர்தான். நான் இதே வேலைதான் பார்க்கறேன்."

"பயமா? எனக்கா?" என்றார் இயக்குநர். "மணி என்ன?"

"பத்தரை சார்" என்றார் கூப்பாடு கேட்டு ஓடி வந்திருந்த ஆய்வாளர்.

"அப்படின்னா விசாரணை தொடங்கியாச்சு. பத்தரைன்னு அறிவிச்சிட்டு ஒத்திவைச்சா துறைக்கு என்ன மரியாதை? எல்லாரும் இங்க வாங்க."

விசாரணைக்கு வந்திருந்த ஆறு ஊழியர்களும் நோட்டுப் புத்தகங்களோடு அந்தப் பள்ளத்தைச் சுற்றி மண்டியிட்டார்கள். இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். சொற்பொழிவு கீழேயிருந்து மேலே வந்தது.

"எழுதறவனுக்குக் கட்டுப்பாடு இருக்கு, அச்சடிக்கறவனுக்குக் கட்டுப்பாடு இருக்கு. படிக்கறவன் மட்டும் இத்தனை நூற்றாண்டா மனசுக்குத் தோணினதை உணர்ந்துக்கிட்டு இருந்தான். கேக்க ஆளில்லை. நாம வந்தோம். வந்த ஒரே மாசத்துல என்ன சாதிச்சோம்? முன்னாடி இங்க தினமும் தொள்ளாயிரம் வாசகர்கள் வந்தாங்க. நெரிசல், சத்தம், புத்தகமெல்லாம் கலைஞ்சு கிடக்கும். இப்ப பதினாலு பேர்தான் வர்றாங்க. ஒவ்வொருத்தர் மேலயும் தனிக் கவனம் செலுத்த முடியுது. புத்தகங்க அப்படியே புதுசா இருக்கு. நான் நடுநிலை தவறிடக் கூடாதுன்னு பதினோரு வருஷமா ஒரு நாவலைக்கூடத் தொட்டதில்லை. அதனாலதான் எந்த நாவலுக்கு என்ன உணர்ச்சின்னு என்னால தெளிவா முடிவு பண்ண முடியுது."

ஊழியர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்போது மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா.

"டேய், கழுத்து விட்டுப் போச்சுடா. எந்திரிக்கப் போறேன்."

"எந்திரிக்காதக்கா! ஒரே நிமிஷம்!" அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மேலே மோட்டார் அறைக்குப் போய், மெயினை அணைத்து, பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பத்து நிமிஷத்தில் இயக்குநர் வெளியே வந்துவிடுவார். வந்தால் விசாரணை நடக்கும். நடந்தால் கோப்பு தீர்ப்பு எழுதப் போகும். அந்தப் புத்தகம் மறுபடி இரும்பு அலமாரிக்குப் போகும். அவன் இடைவெளிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"சார், நான் நெகிழத் தயாராத்தான் இருக்கேன். எந்த இடத்துலன்னுதான் தெரியல. ரெண்டாம் பாகத்துக்கும் நெகிழ்ச்சின்னு தூண்ல எழுதியிருக்கீங்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டினீங்கன்னா நானும் அங்கயே நெகிழ்ந்துடறேன். விசாரணையும் முடிஞ்சுடும்."

இயக்குநர் யோசித்தார். "லிஃப்ட்?"

"வேலையை ஆரம்பிக்கணும்னா மெயினை அணைக்கணும் சார். அணைச்சா உள்ள விளக்கும் மின்விசிறியும் போயிடும். நீங்க படிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க."

அது பொய்யில்லை. தண்ணீர் பாட்டிலை உள்ளே நீட்டினான். போனை ஸ்பீக்கரில் போட்டு விளிம்பில் வைத்தான். இயக்குநர் பெட்டியின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

போனிலிருந்து விசில் பறந்தது. பெட்டிக்குள் இயக்குநர் ஒரு துள்ளு துள்ளினார்.

"மூச்சு விட்டுப் படிங்க சார்!" என்றது அக்காவின் குரல். "கமா வந்தா நிக்கணும்."

"யாரது?"

"அதுவும் ஒரு வாசகர்தான் சார். எங்க அக்கா."

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் கதவு திறக்கவில்லை. அந்தக் கதவு எந்த மரத்தில் செய்தது, அந்த மரத்தை யார் வெட்டினார்கள், வெட்டினவனுக்கும் அவன் மாமனாருக்கும் என்ன சண்டை என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் இயக்குநரின் குரலிலிருந்து சுற்றறிக்கை போய்விட்டது. எட்டாம் பக்கத்தில் டையைத் தளர்த்தினார். பதினோராம் பக்கத்தில் தாழ்ப்பாள் செய்த கொல்லனின் பால்யம் தொடங்கியதும் புத்தகத்தைத் தொடையில் அடித்தார்.

"என்னய்யா இது! அவ வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கறா, இவன் கொல்லன் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கான்! எனக்கு எரிச்சலா இருக்கு!"

ஆறு பேனாக்களும் அந்தரத்தில் நின்றன.

"அது பட்டியல்ல இல்லையே சார்" என்றான் மெக்கானிக். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்காகக் கவலைப்பட்டான்.

"நீ சும்மா இருய்யா" என்றுவிட்டு இயக்குநர் வேகமாகப் பக்கம் திருப்பினார். "இதோ, இதோ. தட்டிட்டா."

ஊழியர்கள் இன்னும் நெருங்கிக் குனிந்தார்கள். எழுத்தர் அம்மாவும் கவுண்டரை விட்டுவிட்டு எப்போதோ படியேறி வந்திருந்தார். இயக்குநர் இப்போது கமாவுக்கெல்லாம் நின்று படித்தார். உள்ளே காலடிச் சத்தம். கொல்லன் செய்த அந்தத் தாழ்ப்பாள் விலகுகிறது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறக்கிறாள். வந்தவளை மேலும் கீழும் பார்க்கிறாள். வந்தவள் வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

"'குடையை வெளியில வெச்சுட்டு உள்ள வாம்மா' என்றாள் பெண். 'தரையெல்லாம் நனையுது.'" இயக்குநர் அங்கே நிறுத்திவிட்டார். அடுத்த வரி அவருக்கு வரவில்லை.

மெக்கானிக் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா." நீளமாக ஒரு மூச்சு. "எனக்கு அழுகையா வருது. ஆனா பாரு, கண்ணீர் கன்னத்துக்கே வரல. நேரா ஓட்டு மேல விழுது. டக்கு டக்குன்னு."

"தலை?"

"கீழதான் இருக்கு. நீ பயப்படாத."

ஆய்வாளருக்குக் கடமை நினைவுக்கு வந்தது. இடைவெளிக்குள் டார்ச் அடித்து, அளவுக் குழாயை இயக்குநரின் மூக்குக் கண்ணாடி வரைக்கும் நீட்டினார்.

"அந்தப் பக்கம் போய்யா!" என்று கத்தினார் இயக்குநர்.

மெக்கானிக் மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றினான். சரியாகப் பத்து நிமிஷம் ஆயிற்று. கம்பெனி ரிப்போர்ட்டில் 'மொத்த நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம். காரணம், கதவு திறக்கத் தாமதம்' என்று எழுதினான். அதுவும் பொய்யில்லை. வெளியே வந்த இயக்குநர் கோப்பை ஆய்வாளரிடம் கொடுத்தார். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. விரலைப் பத்தொன்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி தன் அறைப் பக்கம் திரும்பினார்.

"விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. சான்றுப் பொருளை நான் முழுசாப் பரிசீலிக்க வேண்டியிருக்கு."

மெக்கானிக்குக்குத் திக்கென்றது. அவன் கையிலிருந்த போன் இரண்டு தடவை ஊதியது.

"சார்!" மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். "புத்தகத்தை என் தம்பி கையில குடுங்க. நான் இன்னும் நாலு நாள் குப்புறக் கிடக்கணும். உங்களுக்கு என்ன அவசரம்?"

இயக்குநர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ, அங்கேயும் ஒரு விசில் இருந்திருக்க வேண்டும். கை தானாக நீண்டது. கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, தினமும் எத்தனை மணிக்குப் படிப்பீங்க?"

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கு அக்காவின் முகத்துக்குக் கீழே இருந்த போன் அடித்தது. இயக்குநர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுமுனையில் கேட்டார். தம்பி படித்தான். நடுவில் இரண்டு தடவை "அந்த அடுப்பு என்னாச்சுன்னு சொல்றானா?" என்று விசாரித்தார். அடுப்பைப் பற்றிக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. மூன்று பேருக்கும் அது மனக்குறைதான்.

பதினைந்தாம் நாள் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. "நிமிருங்க" என்றார். அக்கா நிமிர்ந்தாள். கழுத்தில் ஏதோ சொடக்கென்றது. முதல் வேலையாகத் தம்பியைப் பார்த்து, "எளைச்சுப் போயிட்டியேடா" என்றாள்.

இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க இருவரும் சேர்ந்தே போனார்கள். கவுண்டருக்கு மேல் புதிய சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அனுமதிக்கப்பட்ட உணர்ச்சிகளில் எட்டாவதாக எரிச்சல் சேர்க்கப்பட்டிருந்தது. மேற்படி நாவலுக்கு இனி அதுவே உரிய எதிர்வினை. முன்பு நெகிழ்ந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து தங்கள் நெகிழ்ச்சியை ரத்து செய்துகொண்டு, எரிச்சலடைய வேண்டும். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எல்லோர் முகத்திலும் உரிய எதிர்வினை இருந்தது.

"இந்தத் தடவை உங்களுக்குச் சுலபம் சார்" என்று எழுத்தர் அம்மா படிவத்தை நீட்டினார். "எரிச்சல்னு எழுதுங்க, போதும். அடுத்து என்ன புத்தகம் வேணும்?"

"ஒரே பாகத்துல முடியறதா ஏதாவது குடுங்க" என்றாள் அக்கா, தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு.

மெக்கானிக் பேனாவை வாங்கினான். பட்டியலை இந்தத் தடவையும் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டான். எழுத்தர் அம்மா வாசித்தார். பழக்கத்தில் ரப்பர் விரல் எட்டு உணர்ச்சிகளின் மேலும் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் வெறும் காகிதத்தில் போய் நின்றது. அவர் ஒரு தடவை அக்காவைப் பார்த்தார். பிறகு 'ஏற்கப்பட்டது' முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

படிவத்தில் எதிர்வினை என்ற இடத்தில் எழுதியிருந்தது: 'அக்கா தலையைத் தூக்கவில்லை.'